பனி பள்ளத்தில் இருக்கிறது

குளிர்காலத்தில் படம் எடுக்கப் போவதென்றால் நம்மில் பலருக்கு மணாலியும் குல்மர்க்குமே நினைவுக்கு வருகின்றன. தமிழ்நாட்டில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா என்று கேட்கும் நண்பர்களிடம் நான் வாதாடுவதில்லை. பகல் 10 மணிக்குக் கேட்டால் இல்லை என்பதுதான் சரியான விடை. ஆனால் மார்கழி பிறந்ததிலிருந்து மாசி நடுப்பகுதி வரையில், விடிவதற்குச் சற்று முன்பும் பின்பும் சேர்ந்தாற்போல் ஒன்றரை மணி நேரம், இங்கேயும் வேறொரு பருவம் வந்து போகிறது. அதைப் படம்பிடிக்க எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகளும், வீணாகிப்போன பல விடியல்களும் தேவைப்பட்டன.

முதல் விடியல் வீணானது உதகையில். உறைபனி விழுகிறது என்று செய்தியில் படித்துவிட்டு, உயரம் கூடக்கூடக் குளிரும் கூடும் என்ற பள்ளிக்கூட அறிவை நம்பி, சரிவின் மேலே ஒரு விடுதியைத் தேடிப் பிடித்துத் தங்கினேன். காலை 5 மணிக்கு எழுந்து, கம்பளிக் குல்லாயும் கையுறையுமாக மொட்டை மாடியில் நின்றேன். குளிர் எலும்பைத் தொட்டது. ஆனால் புல்லின் மேல் வெண்மையின் சுவடே இல்லை. ஏமாற்றத்தோடு சாலைக்கு இறங்கித் தேநீர் குடித்தபோது, கடைக்காரர் என் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்துவிட்டு, "பனியப் பாக்கறதுக்கு மேட்டுல ஏன் நிக்கறீங்க தம்பி? பள்ளத்துக்குப் போங்க. தலைக்குந்தாப் பக்கம் போயிருந்தா இந்நேரம் வெள்ளையா விரிச்சுக் கெடக்கும்" என்றார். அப்போது மணி 8 ஆகியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது புல் ஈரமாக மட்டுமே இருந்தது.

அவர் சொன்னதன் காரணத்தைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். மேகமும் காற்றும் இல்லாத இரவில், பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது. நிலத்தைத் தொட்டிருக்கும் காற்று குளிர்ந்து, கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே மேட்டிலுள்ள வீடுகளில் நான்கைந்து டிகிரி இருக்கும்போதே பள்ளத்துப் புல்வெளியில் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். மேகம் சூழ்ந்த இரவு போர்வை போர்த்திய இரவு என்பதால் அன்று உறைபனி இராது. மலைக்காரர்கள் நீர்ப்பனி என்றும் உறைபனி என்றும் பிரித்துச் சொல்வதை அங்கே கேட்கலாம்: வடகிழக்குப் பருவமழை ஓயும் தறுவாயில் முதலில் நீர்ப்பனி விழும், வானம் நன்றாகத் தெளிந்த பிறகு உறைபனி. முந்தின இரவு 10 மணிக்கு வெளியே வந்து நட்சத்திரங்கள் கூர்மையாகத் தெரிகின்றனவா, மரக்கிளை அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதை விடச் சிறந்த முன்னறிவிப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

உதகையிலிருந்து கூடலூர் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் போனால் தலைக்குந்தா வரும். அங்குள்ள தாழ்ந்த புல்வெளிகளும், ஊருக்குள்ளேயே குதிரைப்பந்தய மைதானமும், காந்தல் பகுதியும் பனி முதலில் படியும் இடங்கள். 1848-இல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவின் புல்தரையிலும் படியும். ஆனால் அங்கே கதவு திறக்கும் நேரமும் பனி உருகும் நேரமும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அவலாஞ்சிக்கு வனத்துறை வாகனத்தில்தான் செல்ல முடியும் என்பதால், அதை விடியலுக்காக அன்றிப் பகல் நேரத்துச் சோலைக்காடுகளுக்காக வைத்துக்கொள்வது நல்லது. அந்தச் சோலைகளுக்கு வெளியே புல்வெளி ஏன் புல்வெளியாகவே நிற்கிறது என்பதற்கு, வெட்டவெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகளை உறைபனி கருக்கிவிடுவதும் ஒரு காரணம் என்று தாவரவியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, காடும் புல்லும் கத்தரித்தாற்போல் பிரியும் அந்தக் கோட்டைப் படத்தில் வைக்காமல் என்னால் திரும்ப முடிவதில்லை.

படம் கிடைக்கும் நேரம் மிகக் குறுகியது. சூரியன் எதிர்மலையின் முதுகைத் தாண்டியதும், வெயிலின் விளிம்பு ஒரு கோடுபோலப் புல்வெளியின் குறுக்கே நகர்ந்து வரும். கோட்டுக்கு அப்பால் பனி உருகி ஆவி எழும்பும், இப்பால் இன்னும் நீலம் பாய்ந்த வெண்மை உறைந்து கிடக்கும். அந்தக் கோடு நம் காலடியை வந்து சேர்வதற்குள், பத்து நிமிடமோ கால்மணியோதான், எடுக்க வேண்டியதை எடுத்துவிட வேண்டும். சூரியனுக்கு எதிர்முகமாக, முழங்காலிட்டு, கேமராவைப் புல்லின் உயரத்துக்கே கொண்டுபோனால் ஒவ்வொரு படிகமும் தனித்தனியாக மின்னும். நின்றபடியே எடுத்தால் சுண்ணாம்பு தெளித்த தரை போலத்தான் வரும். வெண்மை நிறைந்த காட்சியைக் கேமரா தானாகவே சாம்பலாக்கிவிடும் என்பதால், ஒளி அளவை ஒரு ஸ்டாப் வரை, அதாவது இரு மடங்கு வரை, கூட்டி வைக்கிறேன். வண்ணச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் 'பகல் வெளிச்சம்' என்ற அமைப்பில் நிறுத்தினால் நிழலின் நீலம் அப்படியே தங்கும். கைப்பேசியில் எடுப்பவர்களும் திரையில் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

குளிரில் மின்கலம் விரைவாகச் சோர்ந்துவிடும். மாற்று மின்கலத்தைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது, குளிர்ந்துபோன கேமராவை நேராகச் சூடான அறைக்குள் கொண்டுபோகாதிருப்பது. கொண்டுபோனால் லென்ஸின் வெளியே மட்டுமல்லாமல் உள்ளேயும் நீர் கோத்துக்கொள்ளும். வெளியில் இருக்கும்போதே காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, அறையில் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும் என்பார்கள். நீலகிரியில் நெகிழிப் பைகளுக்குத் தடை உள்ளதால் நான் ரப்பர் விளிம்பு வைத்த ஒரு பெரிய சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோகிறேன். விடுதிப் பணியாளர்கள் அதில் தயிர்சாதம் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். 2024 மே மாதத்திலிருந்து உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருப்பதால், வானம் தெளிந்ததைப் பார்த்துவிட்டு உடனே கிளம்புகிறவர்கள் அதை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பது நல்லது.

பள்ளத்தைத் தேடு என்ற பாடம் மலைக்கு மட்டும் உரியதன்று. காவிரிப் படுகையில், தஞ்சாவூரிலிருந்து திருவையாறு செல்லும் வழியில், பருவமழை ஊறிய சம்பா வயல்களின் மேல் தை மாதத்து விடியலில் மூடுபனி இடுப்பளவு உயரத்துக்குப் படுத்திருக்கும். சாலையும் வரப்பும் சற்று மேடு என்பதால் நாம் அதற்கு மேலே நின்றுகொண்டு பார்க்கலாம். பனைமரங்கள் அடி இல்லாமல் மிதப்பதுபோலத் தெரியும் அந்தக் காட்சிக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், பேருந்து நிறுத்தத்தில் இறங்கி நிற்கத் தெரிந்தால் போதும். நம் அகலக்கோட்டில் இன்னொரு வசதியும் இருக்கிறது. சென்னையில் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய 5.45-க்கே உதித்துவிடும் சூரியன், ஜனவரியில் 6.35 வரை தாமதிக்கிறது; டிசம்பர் கடைசியில் உச்சிப் பொழுதில்கூட 54 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. கோடையில் தலைக்கு மேல் நின்று முகங்களில் கருநிழல் போடும் வெயில், இந்த மாதங்களில் நெடுநேரம் சாய்ந்தே விழுகிறது. போகியன்று காலையில் மட்டும் சென்னையில் படமெடுக்கப் போக வேண்டாம். அன்று தெருவில் நிற்பது பனியைப் போலத் தோன்றினாலும் அதில் பெரும்பகுதி புகை.

பறவைகளும் பள்ளத்துக்கே வருகின்றன. வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். ஆனால் தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்களும் நத்தைக்குத்தி நாரைகளும் கரண்டிவாயன்களும் அரிவாள்மூக்கன்களும் நீர்க்காகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்பைப் போலத் தளம் தளமாகப் பிரித்துக்கொண்டு வாழ்வதைக் கரையில் நின்றபடியே பார்க்கலாம். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பதை ஊரார் தலைமுறைகளாக அறிந்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் அவர்களது உரிமையை ஏற்று எழுத்தில் ஆணை தந்தார். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்ற பெயர் இன்றும் அதற்கு உண்டு. 2022-இல் ராம்சர் ஈரநிலமாகவும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுள் ஒன்றாகவும், அறிவிக்கப்பட்டது.

இங்கே போவதற்கு முன் நாள்காட்டியைப் பார்ப்பதைவிட, ஏரி நிறைந்திருக்கிறதா என்று விசாரிப்பதே பயனுள்ளது. மழை பொய்த்த ஆண்டில் மரங்கள் வறண்ட தரையில் நிற்கும், பறவைகள் வேறு நீரைத் தேடிப் போய்விடும். நான் நெடுநாள் கவனிக்கத் தவறிய இன்னொன்று காற்றின் திசை. பறவைகள் காற்றுக்கு எதிர்முகமாகவே இறங்கும். இந்தப் பருவத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருவதால், எந்த ஏரியானாலும், காற்று நம் முதுகில் படும்படி நின்றால் இறங்கும் பறவை சிறகை விரித்து நம் முகத்துக்கு நேரே வரும். காலையில் அப்படி நிற்கும்போது வெயில் இடப்பக்கத்திலிருந்து விழுந்து இறகின் வரிகளையெல்லாம் காட்டும். மாலையில் அதே இடத்தில் சூரியன் எதிரே இருப்பதால் கருநிழல் உருவங்களே கிடைக்கும். இரை தேடப் போன கூட்டம் 4 மணிக்கு மேல் கூடு திரும்பத் தொடங்குகையில், எனக்கு அந்தக் கரிய உருவங்களே அதிகம் பிடிக்கின்றன. தொலைவிலுள்ளதை அருகே இழுத்துக் காட்டும் 400 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் ஒற்றைப் பறவையை எட்டிப் பிடிக்க முயலாமல், மரம் முழுவதையும் தண்ணீரில் அதன் நிழலோடு சேர்த்து எடுக்கலாம். என் வீட்டுச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருப்பது அத்தகைய ஒரு படம்தான்.

கோடியக்கரைக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். உப்பளச் சேற்றின் நடுவே பூநாரைகள் ஓர் இளஞ்சிவப்புக் கோடாக மட்டுமே தெரிந்தன. 9 மணிக்குள்ளாகவே கானல் எழுந்து அந்தக் கோட்டையும் நெளியவைத்துவிட்டது. வெளிமான்கள் தாராளமாகப் படத்துக்கு நின்றன. இரண்டு இரவாவது தங்காமல் அந்த இடத்தைப் பற்றி எழுதுவது நியாயமாகாது என்பதால் இத்தோடு விடுகிறேன்.

தலைக்குந்தாவுக்கு மூன்றாம் முறையாகச் சென்ற தை மாதத்தில்தான் நான் நினைத்த படம் கிடைத்தது. 6 மணிக்கே போய்ச் சேர்ந்து, வெயிலின் கோடு வந்து போகும்வரை புல்லோடு புல்லாகக் கிடந்துவிட்டு எழுந்தபோது, பக்கத்துச் சரிவில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இளம் தேயிலைக் கன்றுகளின் மேலிருந்த காய்ந்த புல்லையும் பெரணித் தழைகளையும் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருந்தார்கள். மூடாமல் விட்ட ஓரத்து வரிசையில் கொழுந்துகள் நெருப்பில் காட்டியதுபோல் கருகியிருந்தன. "நல்லா வந்துச்சுங்களா?" என்று என் கேமராவைக் காட்டிக் கேட்டார் அந்த அம்மா. வந்தது என்றேன். "நாளைக்கும் விழும். வானத்தைப் பாருங்க, ஒரு பொட்டு மேகமில்ல" என்று சொல்லிவிட்டு, விலக்கிய தழைகளை மாலையில் மறுபடி மூடுவதற்காக வரப்பின் ஓரத்தில் குவித்து வைத்தார்.