மூன்று சட்டைப் பயணம்

டிக்கெட் போடுவது என் பொறுப்பு என்று நானாகத்தான் வாயைக் கொடுத்தேன். வீட்டில் யாரும் கேட்கவே இல்லை.

எக்செல் தாளைத் திறந்து உட்கார்ந்தேன். மூன்று மலிவு விலை விமானக் கம்பெனிகள். பெயர் எதற்கு, தாளில் இருந்தபடியே அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம். ‘அ’வின் கட்டணம் நூறு என்றால் ‘ஆ’ நூற்றைம்பது, ‘இ’ இருநூறு. “இதுல யோசிக்க என்ன இருக்கு, போகும்போது ‘அ’, திரும்புற அன்னைக்கு அது இல்லாததால வரும்போது ‘ஆ’” என்று தீர்ப்பு சொன்னேன். மனைவியின் தம்பி மட்டும், “நான் ‘இ’யிலயே வர்றேன் அத்தான், எனக்குக் கால் நீளம்” என்று கழன்றுகொண்டான். கால் நீளமாம்! கை நீளம் என்று மனசுக்குள் திருத்திக்கொண்டேன்.

‘அ’வில் டிக்கெட் போடுவது என்பது பதினொரு திரைகளைத் தாண்டும் சடங்கு. சீட் தேர்வு செய்கிறீர்களா? வேண்டாம். பெட்டி? வேண்டாம். முதலில் ஏறும் சலுகை? வேண்டாம். காப்பீடு? இங்கே ‘வேண்டும்’ பட்டன் பூசணிக்காய் அளவில் மின்னியது. ‘வேண்டாம்’ எங்கே என்று தேடினால், ஓரத்தில் வெளிர் சாம்பல் நிறத்தில் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதையும் பிடித்து நசுக்கினேன். கடைசித் திரையிலும் நூறு நூறாகவே இருந்தது. “பார்த்தியா?” என்றேன். “இன்னும் ஏறவே இல்லையேங்க” என்றாள் மனைவி.

ஆளுக்கு ஒரு சின்னப் பை இலவசம். அளவு 40 × 30 × 20 செ.மீ. தையல் டேப்பை வைத்து அளந்தேன், கச்சிதமாக இருந்தது. காலிப் பைக்குத் தொப்பை கிடையாது என்பது அப்போது உறைக்கவில்லை. உள்ளே அடங்காத துணிகளை என்ன செய்வது? உடம்பு இருக்கிறதே! மூன்று சட்டை, மேலே ஒரு ஜாக்கெட், அதன் பைகளில் சார்ஜர், ஷேவிங் செட், சுருட்டிய ஒரு லுங்கி. பாதுகாப்புச் சோதனையில் நான் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க, பின்னால் நின்றவர் வேறு வரிசைக்கு மாறிப் போய்விட்டார்.

விமானம் ஏறும் கேட்டில், பையை அளக்கும் அந்த இரும்புச் சட்டம் நின்றது. பையை அதற்குள் இறக்கிக் காட்ட வேண்டும். முக்கால்வாசி இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது. முழங்காலால் ஓர் அழுத்து அழுத்தினேன், இன்னும் இரண்டு விரல் இறங்கியது. இப்போது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நான் ஒரு பக்கம், மனைவி சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம். ஊழியப் பெண் நிதானமாகச் சொன்னார்: “சார், உள்ள போகணும்னு இல்ல, வெளிய வந்தாலே போதும். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க.”

கேட்டில் வாங்கும் பைக் கட்டணம், முன்கூட்டியே கட்டுவதைவிடப் பல மடங்கு. அட்டையைத் தேய்த்த பிறகு ரசீதைப் பார்த்தேன். என்னைவிட அதிகக் கட்டணத்தில் என் பை பயணம் செய்தது.

சீட்டுக்குக் காசு கட்டாத தம்பதிக்கு மனைவி 6ஆம் வரிசை, நான் 27ஆம் வரிசை. இரண்டுமே நடு சீட். உட்கார்ந்ததும் முழங்கால் முன் சீட்டைத் தொட்டது. ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரத்தைத்தான் ‘பிட்ச்’ என்கிறார்கள். மலிவு ரகத்தில் 28 அங்குலம் சாதாரணம், வழக்கமான கம்பெனிகளில் 30 முதல் 32 வரை இருக்கும். அந்த 28க்குள்ளேயே சீட்டின் முதுகுக் கனமும் சேர்த்தி. காலுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று என் முழங்கால் சொல்லும்.

சீட் பின்னால் சாயாது. இதைக் குறை சொல்ல மாட்டேன், இந்த இடத்தில் நான் ‘அ’ கட்சி. நமக்கு முன்னால் இருப்பவரும் சாய முடியாதே! அவருடைய வழுக்கையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பயணம் செய்த அனுபவம் உள்ளவர்களுக்கு அருமை தெரியும்.

முன் சீட்டின் முதுகில், சாமான் செருகும் துணிப்பையும் இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. விமானம் பறந்தால்தான் காசு, தரையில் நின்றால் நஷ்டம். 1972இல் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் கம்பெனி, பணமுடையால் தன்னிடம் இருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்றுவிட்டு, நான்கின் வேலையை மூன்றை வைத்தே ஓட்டியது. இறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடத்தில் திரும்பக் கிளப்பினார்கள். அந்த அவசரம்தான் இன்றைக்கு எல்லா மலிவு கம்பெனிகளுக்கும் வேதம். பை இருந்தால் யாராவது அதில் குப்பை போடுவார்கள், யாராவது பொறுக்க வேண்டும், நேரம் போகும். ஆகவே அயர்லாந்தின் ரயன்ஏர் போன்றவர்கள் பையையே எடுத்துவிட்டார்கள். அதே சவுத்வெஸ்ட் இரண்டு பெட்டிகளைப் பல காலம் இலவசமாக ஏற்றிக்கொண்டிருந்தது. 2025 மே மாதத்தோடு பெரும்பாலான பயணிகளுக்கு அந்தப் புண்ணியமும் முடிந்தது.

துணிப்பை இல்லாததால் பக்கத்து சீட்காரர்கள் போனையும் கண்ணாடியையும் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்கள். எனக்கு மூன்று சட்டைக்கு மூன்று பை, ஜாக்கெட்டுக்கு நான்கு. பயணத்தில் நான் தலை நிமிர்ந்த ஒரே தருணம் அது.

தூங்கலாம் என்று கண்ணை மூடினால் அறிவிப்பு. சென்ட் விற்பனை. மறுபடி மூடினால் சுரண்டிப் பார்க்கும் பரிசுச்சீட்டு. பணிப்பெண்கள் மேல் தப்பில்லை, நாலு பேர் நாற்பது பேர் வேலையைச் சிரித்துக்கொண்டே செய்தார்கள்.

இறங்கியது நகரத்தின் பெயரைத் தாங்கிய விமான நிலையம். பெயரை மட்டும்தான் தாங்கியிருந்தது. ஜெர்மனியில் பிராங்பர்ட் பெயரில் விளம்பரமான ஹான் நிலையம் அந்த நகரத்திலிருந்து சுமார் 120 கி.மீ. தள்ளி இருக்கும் கதையைச் சிரித்துக்கொண்டே படித்தவன் நான். ஒதுக்குப்புறத்தில் தரையிறங்கக் கட்டணம் குறைவு, கூட்டமும் குறைவு, கம்பெனிக்கு லாபம். பஸ் கட்டணம் நம்முடையது. ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய் அறைக்குச் சேர்ந்தால், மச்சினன் குளித்து முடித்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து உட்கார்ந்திருந்தான்.

“எவ்வளவு ஆச்சு அத்தான்?”

நூறில் தொடங்கியது இருநூற்று எழுபதில் நின்றிருந்தது. “கிட்டத்தட்ட உன் அளவுதான்” என்றேன். அவனும் ஒன்றும் ராஜா மாதிரி வரவில்லை. ‘இ’யில் பிட்ச் ஒரே ஓர் அங்குலம்தான் கூடவாம், நீளக் காலைப் பக்கவாட்டில் மடித்து வைத்து வந்திருக்கிறான். ஆனால் பெட்டியும் சீட்டும் டிக்கெட்டுக்குள்ளேயே அடக்கம், நிலையமும் ஊருக்குள்.

திரும்பும்போது ‘ஆ’. இரண்டரை மணி நேரத் தாமதம். காரணம் கேட்டால் செயலியில் ஒரு ரோபோ, “உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஜாக்கெட்டுக்குள் நான் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தேன். மனைவி டிக்கெட்டை மேலும் கீழும் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஏங்க, இதுல ஆளுக்கு ஏழு கிலோ பெட்டி ஃப்ரீன்னு போட்டிருக்கே. எதுக்கு இன்னும் மூணு சட்டையோட உட்கார்ந்திருக்கீங்க?”