யாரு பேசுதா?

மனநல சிகிச்சை வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "காதில் குரல் கேட்கிறதா?" முக்கூடல் பக்கத்துக் கிராமங்களில் பாதிப் பேர் தலையாட்டி மறுத்துவிடுவார்கள். நானும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்தவரை அழைப்பேன். குரல் என்பது புத்தகச் சொல் என்று எனக்கு உறைக்கவே ஓராண்டு ஆனது. "ஆளில்லாத நேரத்துல யாராவது பேசுத மாதிரி சத்தம் கேக்கா?" என்று கேட்டால்தான் வாய் திறந்தார்கள்.

பீடி சுற்றும் ஒரு அக்கா (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) சொன்னார்: "எங்க அத்ததான் சார். செத்து ஏழு வருசமாச்சு. கட்டு கொறையுதுங்காவ, எலைய நனைச்சியாங்காவ. ஏசத்தான் செய்யுதாவ. ஆனா வீட்டுல ஆளிருக்க மாதிரி இருக்கு."

அதே வாரம் வந்த பையனுக்கு அப்படி இல்லை. முகம் தெரியாத இரண்டு பேர் அவனைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "இப்போ சட்ட மாட்டுதான் பாரு", "வெளிய போவான் பாரு" என்று ஓயாத நேர்முக வர்ணனை. ஜெர்மன் மனநல மருத்துவர் கூர்ட் ஷ்னைடர், மனச்சிதைவை (ஸ்கிசோஃப்ரினியா) அடையாளம் காண உதவும் முதல்தர அறிகுறிகளில் சேர்த்தது இந்த வகையைத்தான். அவன் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்திருந்தான். சத்தம் வெளியிலிருந்து வருவதாகவே அவனுக்குப் பட்டது; அதில் பாசாங்கு துளியும் இல்லை.

மானுடவியலாளர் தான்யா லுர்மன் குழுவினர் கலிபோர்னியா, கானா நாட்டின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் இப்படிக் குரல் கேட்கும் தலா 20 பேரிடம் பேசி எழுதிய கட்டுரை 2015-இல் வந்தது. சென்னையில் பலருக்குச் சொந்தக்காரர்களே பேசினார்கள், வீட்டுவேலை ஏவினார்கள். அமெரிக்கர்களுக்கு வன்முறைப் பேச்சே அதிகம். படித்ததும் அந்த அக்காவின் அத்தைதான் நினைவுக்கு வந்தார்.

அதற்காக எல்லாச் சத்தத்தையும் சொந்தபந்தமாக எடுத்துக்கொள்ள முடியாது. "ஆத்துல எறங்குன்னு சொல்லுது" என்று ஒருவர் மெல்லச் சொன்னார். அன்றைக்கே உள்நோயாளியாகச் சேர்த்தோம். என்ன ஏவுகிறது, மீற முடிகிறதா என்று கேட்காமல் இப்போது யாரையும் அனுப்புவதில்லை. கோயில் கொடையில் சாமியாடும் கோமரத்தாடி மேல் இறங்கும் சாமியும் பேசத்தான் செய்கிறது. மேளம் நின்றால் அவர் சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். பையனுக்கு மேளம் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

மாத்திரை தொடங்கி மூன்று மாதம் கழித்து அக்காவிடம் கேட்டேன்.

"அத்த இன்னும் பேசுதாவளா?"

"பேசுதாவ, மெதுவா. கட்டுக் கணக்குதான் இப்போ நானே எண்ண வேண்டியிருக்கு."