அவளுக்கு என்ன பதில் சொல்வேன்

அமெரிக்காவில் எமர்ஜென்சி மெடிசின் ரெசிடென்சி (அவசர சிகிச்சைக்கான சிறப்புப் பயிற்சி) முடிக்கப்போகும் அக்கா மகள் நேற்று போன் செய்தாள், நைட் டூட்டி முடிந்து காரிலேயே உட்கார்ந்து, இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல். "எனக்கு வேலை கிடைக்குமா சித்தி?" என்கிறாள். மனசே ஆறவில்லை.

2030க்குள் சுமார் 7,800 அவசர மருத்துவர்கள் தேவைக்கு மேல் இருப்பார்கள் என்று அங்குள்ள அவசர மருத்துவர்களின் சங்கமான ஏசெப் அமைப்பின் ஆய்வு 2021லேயே கணித்தது. மாணவர்கள் பயந்துபோய் ஒதுங்க, ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் 'மேட்ச்' முறையில் 2023இல் இந்தத் துறைக்கு முதலில் 554 இடங்கள் காலி. ஆள் மிஞ்சுவதற்குப் பயிற்சி இடங்கள் பெருகியதும் ஒரு காரணம்; லாபத்துக்கு நடக்கும் மருத்துவமனைக் குழுமங்கள் இத்தனை பயிற்சி இடங்களைத் திறந்ததை என்னால் சேவை என்று ஏற்க முடியவில்லை. ரெசிடென்ட் என்றால் குறைந்த சம்பளத்தில் அதிக நேர உழைப்பு, முதல்முறை பயிற்சி தொடங்கும் மருத்துவமனைக்கு மெடிகேர் என்ற அரசு காப்பீட்டுத் திட்டத்தின் பணமும் வரும். அப்புறம் பாருங்கள், இத்தனை இடங்கள் திறந்தும் அங்கே கிராமப்புற எமர்ஜென்சிகளில் இன்றும் ஆள் போதவில்லை.