பத்தரை ஆட்டம் பின்னால்

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் வேலை பார்க்கிறவர்களிடம் பேஸ்பால் பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. லிஃப்ட்டில், பெட்ரோல் பங்கில், பல் டாக்டரின் நாற்காலியில், எங்கே போனாலும் ஊர் அணியான கார்டினல்ஸ் பேச்சுதான். மேட்ச் நாளில் பாதி ஆபீஸ் சிவப்புச் சட்டையில் வந்து நிற்கும். நான் அங்கே போனது ஒரு இன்சூரன்ஸ் கிளையன்ட்டின் மெயின்ஃப்ரேம் சப்போர்ட்டுக்கு, ஆன்சைட் கோஆர்டினேட்டராக. பகலில் மீட்டிங். இரவில் பேட்ச் ஜாப்கள், அதாவது மொத்தமாக ஓடும் கணக்கு வேலைகள், ஓடும்போது சென்னையிலிருந்து போன். அதோடு, யார் எந்த ராத்திரி ஆன்-கால் என்று ரோஸ்டர் போடுவதும் என் தலையில்தான்.

பேஸ்பாலை எனக்குப் புரியவைத்தவர் ஆபரேஷன்ஸ் அறையில் இருந்த ஒரு பெரியவர். டேப் டிரைவ் காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறார். கன்சோலுக்குப் பக்கத்தில் ரேடியோ, அதில் கேஎம்ஓஎக்ஸ் நிலையம், வர்ணனையாளர் மைக் ஷானனின் கரகரத்த குரல். மடியில் ஒரு ஸ்கோர் நோட்டு. பென்சிலால்தான் எழுதுவார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குட்டி வைர வடிவம் அச்சடித்திருக்கும், அதன் நான்கு மூலையும் பேட்ஸ்மேன் ஓடித் தொட வேண்டிய நான்கு பேஸ்கள். பேட்ஸ்மேன் முதல் பேஸுக்குப் போனால் வைரத்தின் ஒரு பக்கம் கோடு, இரண்டாவதற்குப் போனால் அடுத்த பக்கம். சுற்றி வந்து ரன் எடுத்துவிட்டால் வைரம் முழுவதையும் கறுப்பாக நிரப்பிவிடுவார். ஸ்ட்ரைக்-அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் ஆகி அவுட், என்றால் ஒரு கே. மட்டையை வீசாமலே பார்த்துக்கொண்டு நின்று அவுட்டானால் அதே கே, திருப்பிப் போட்டு. ஃபீல்டர்களுக்கு எண்கள் உண்டு: ஷார்ட்ஸ்டாப் 6, செகண்ட் பேஸ்மேன் 4, ஃபர்ஸ்ட் பேஸ்மேன் 3. ஆகவே ‘6-4-3’ என்று எழுதினால் ஒரே பந்தில் இரண்டு பேர் காலி என்று அர்த்தம், அதற்கு டபுள் பிளே என்று பெயர். அந்த வருஷம், 2011-இல், இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகிலேயே டபுள் பிளேயில் அதிகம் மாட்டிய அணி கார்டினல்ஸ். 6-4-3 எழுதும்போதெல்லாம் பென்சில் முனை உடைகிற மாதிரி அழுத்துவார்.

நமக்கு ஐபிஎல்லில் 14 லீக் ஆட்டம் என்றால், அங்கே ஒரு சீசனுக்கு 162. மார்ச் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரை அநேகமாகத் தினமும் ஒரு மேட்ச். 2011-இல் இருந்த முறைப்படி ஒவ்வொரு லீகிலும் மூன்று டிவிஷன் சாம்பியன்களும், மீதி அணிகளில் அதிகம் ஜெயித்த ஒன்றும் மட்டும்தான் பிளேஆஃப் என்ற அடுத்த கட்டத்துக்குப் போகும். அந்த ஒற்றை இடத்துக்குப் பெயர் வைல்ட் கார்டு. கார்டினல்ஸ் இருந்த சென்ட்ரல் டிவிஷனை மில்வாக்கி ஏறக்குறைய கைப்பற்றிவிட்டது. வைல்ட் கார்டு இடத்தில் அட்லாண்டா பிரேவ்ஸ் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. ஆகஸ்ட் 24 அன்று டாட்ஜர்ஸிடம் தோற்றபோது கார்டினல்ஸின் கணக்கு 67 வெற்றி, 63 தோல்வி. பிரேவ்ஸுக்குப் பத்தரை ஆட்டம் பின்னால்.

அரை ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று சென்னையில் ஒரு பையன் கேட்டான். வெற்றிகளின் வித்தியாசத்தையும் தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது அது. இரண்டு அணியும் சம எண்ணிக்கையில் ஆடியிருக்காவிட்டால் அரை தொக்கி நிற்கும். “சரிண்ணே, நமக்கும் அங்கேக்கும் டைம் வித்தியாசமும் பத்தரைதானே” என்றான். கோடையில் அப்படித்தான், பத்தரை மணி நேரம். அதற்கப்புறம் ஆஃப்ஷோர் காலில் கார்டினல்ஸ் எத்தனை பின்னால் என்று கேட்பதே வணக்கம் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது.

ஊரில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. முதல் வரிசை பிட்சர் (பந்து போடுபவர்) ஆடம் வெயின்ரைட் சீசன் தொடங்கும் முன்பே முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டார். அணியின் நட்சத்திர பேட்ஸ்மேன் ஆல்பர்ட் புஹோல்ஸுக்கு ஜூனில் மணிக்கட்டில் முறிவு. ஜூலை கடைசியில் நிர்வாகம் கால்பி ராஸ்மஸ் என்ற இளம் சென்டர் ஃபீல்டரை டொராண்டோவுக்குக் கொடுத்துவிட்டது. பையனிடம் திறமை கொட்டிக் கிடந்தது. மேனேஜர் டோனி லா ரூசாவுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. பதிலுக்கு வந்தவர்களில் எட்வின் ஜாக்சன் ஸ்டார்ட்டர், ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர். மார்க் செப்சின்ஸ்கியும் ஆக்டேவியோ டோட்டலும் ரிலீஃப் பிட்சர்கள், நடுவில் மாற்றாக இறங்குகிறவர்கள். டோட்டலுக்கு அப்போது 37 வயது. ஆகஸ்டில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் வேண்டாம் என்று விட்ட ஆர்தர் ரோட்ஸையும் சேர்த்துக்கொண்டார்கள், அவருக்கு 41. “கிழவர்களைச் சேர்த்து என்ன செய்யப் போகிறார்கள்” என்று கேன்டீனில் ஒரே கிண்டல். பெரியவர் மட்டும் கிண்டலில் சேரவில்லை. ஏழாவது இன்னிங்ஸுக்கு அப்புறம் பந்து போட ஆள் இல்லாத அணி எதையுமே ஜெயிக்காது என்பது அவர் கட்சி.

அப்புறம் நடந்ததுதான் எல்லாருக்கும் தெரிந்த கதை. மீதியிருந்த 32 ஆட்டங்களில் 23 வெற்றி. செப்டம்பர் 9, 10, 11 தேதிகளில் அட்லாண்டாவையே சொந்த ஊர் புஷ் ஸ்டேடியத்துக்கு வரவழைத்து மூன்றையும் வாரிச் சுருட்டினார்கள். கார்டினல்ஸின் லான்ஸ் பெர்க்மன் அந்த சீசனில் 31 ஹோம் ரன் அடித்தார். அவர் கதை முடிந்துவிட்டது என்று எழுதியவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அது இவ்வளவு கம்பீரமாகத் தெரியவில்லை. செப்டம்பர் 22 அன்று மெட்ஸுக்கு எதிராக ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 6-2 முன்னிலை. அந்த ஒரே இன்னிங்ஸில் ஆறு ரன் கொடுத்து 8-6 என்று தோற்றார்கள். கதை முடிந்தது என்றுதான் ஆபீஸே நினைத்தது. மறுநாள் கப்ஸிடமும் தோல்வி. 24-ஆம் தேதி ஆட்டம் இன்னும் விசேஷம். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கியிருந்தார்கள். கப்ஸின் பிட்சர் கார்லோஸ் மார்மோல் வரிசையாக வாக் (நான்கு தப்பான பந்து போட்டால் பேட்ஸ்மேனுக்கு இலவசமாக முதல் பேஸ்) கொடுத்தே சமன் செய்ய வைத்தார், பிறகு கேட்சர் பிடிக்க முடியாதபடி போட்ட ஒரு வைல்ட் பிட்சில் வெற்றியையும் தூக்கிக் கொடுத்தார். பிரமாதமான அடி எதுவும் இல்லை. எதிராளி பந்தைக் கண்ட இடத்தில் போட்டார், இவர்கள் மட்டையைச் சும்மா வைத்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவுதான்! பெரியவர் நோட்டில் அந்த இன்னிங்ஸைப் பார்த்தால் ஏதோ தப்பாக எழுதிவிட்டார் என்று தோன்றும்.

அந்த வாரம் எங்கள் மேனேஜர் ஒரு ஸ்லைடு போட்டார். காலாண்டுக் கணக்கு முடிப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் பாக்கி இருந்த புகார் டிக்கெட்டுகள் கணிசம். ஸ்லைடின் நடுவில் பெரிய எழுத்தில் 10.5, அதன் கீழே கார்டினல்ஸ் பறவை. மனம் தளராதே என்கிற வகையறா வாசகம் ஒன்று. நாங்களும் தலையாட்டினோம். இந்த மாதிரி ஸ்லைடுகளில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. பத்தரை ஆட்டத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் பின்னால் இருப்பவன் ஓடினால் போதாது, முன்னால் இருப்பவன் தடுக்கி விழவும் வேண்டும். செப்டம்பரில் அட்லாண்டா ஆடியதில் 9 வெற்றி, 18 தோல்வி. இந்த எண் எந்த ஸ்லைடிலும் வராது.

அட்லாண்டா ஏன் விழுந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம் வந்தது. ரோஸ்டர் போடுகிறவன் புத்தி அப்படித்தான் போகும். டாமி ஹான்சனும் ஜேர் ஜர்ஜென்ஸும் காயத்தால் வெளியே. ஸ்டார்ட்டர்கள் குறைந்துபோனார்கள், ஆட்டங்களோ ஒரு ரன், இரண்டு ரன் வித்தியாசத்தில் இழுத்துக்கொண்டே போயின. அதனால் கடைசி மூன்று இன்னிங்ஸுக்கு அதே மூன்று பேரைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள்: எரிக் ஓஃப்ளாஹர்ட்டி, ஜானி வெண்டர்ஸ், கிரெய்க் கிம்ப்ரல். மூவரும் அபாரமான பிட்சர்கள். கிம்ப்ரல் முதல் முழு சீசனிலேயே 46 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது) எடுத்தவர். வெண்டர்ஸ் அந்த வருஷம் 85 ஆட்டத்தில் இறங்கினார், கிம்ப்ரல் 79, ஓஃப்ளாஹர்ட்டி 78. பாதிக்கு மேற்பட்ட ராத்திரிகளில், மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னில் போன் அடித்தால் எழுந்தது இந்த மூவரில் ஒருவர். கூப்பிட்ட மேனேஜரைக் குறை சொல்லவும் முடியாது. ஜெயிக்க வேண்டிய ஆட்டம் கையில் இருக்கும்போது நம்பிக்கையான ஆளை விட்டுவிட்டு வேறு ஆளையா கூப்பிடுவார்?

எங்கள் டீமிலும் கிளெய்ம் செட்டில்மெண்ட் மாட்யூலை அடிவரை அறிந்தவர்கள் மூன்றே பேர். இங்கே ஒருவர், சிறுசேரியில் இரண்டு பேர். ரோஸ்டரில் எட்டுப் பேரின் பெயர் அழகாகச் சுற்றி வரும். நிஜத்தில் ராத்திரி ஒரு ஜாப் ‘சாக் செவன்’ என்ற பிழை அடித்து அபெண்ட் ஆனால், அதாவது பாதியில் நின்றுவிட்டால், அன்றைக்கு ஆன்-காலில் இருப்பவர் பத்து நிமிஷம் பிழைப் பதிவான டம்பைப் பார்ப்பார், அப்புறம் அந்த மூவரில் ஒருவரை எழுப்புவார். ரோஸ்டரில் பார்த்தால் அந்த மூவருக்கு ஓய்வு நாள். நான் உட்கார்ந்து டிக்கெட் லாகில் யார் கடைசியாக மூடியது என்று எடுத்துப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுத வேண்டாம். பார்த்தவர்களுக்கு வெண்டர்ஸ் ஞாபகம் வந்திருக்கும். அதில் ஒருவர் தங்கை கல்யாணத்தன்று மண்டபத்து மாடிப்படியில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஜாப்பை ரீஸ்டார்ட் செய்தவர். அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்குச் சங்கடம்.

செப்டம்பர் 28, சீசனின் கடைசி நாள். அன்றுதான் நவராத்திரி ஆரம்பம். வீட்டில் கொலுவுக்குப் படி கட்டியாகிவிட்டது, நானோ காலாண்டு ஒத்திகை ஓட்டத்துக்காக ஆபீஸில். இரண்டு அணியும் அன்று சமநிலையில் இருந்தன. முந்தின நாள் ஹூஸ்டனில் 5-0 என்று பின்தங்கி, கடைசியில் 13-6 என்று ஜெயித்து சமனுக்கு வந்திருந்தது கார்டினல்ஸ். கடைசி ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து ரன். கிறிஸ் கார்பென்டர் ஒன்பது இன்னிங்ஸையும் தானே போட்டார். இரண்டே ஹிட், 11 ஸ்ட்ரைக்-அவுட், 8-0. பெரியவர் நோட்டில் ஹூஸ்டன் பக்கம் முழுக்கக் காலி வைரங்கள்.

இங்கே முடிந்தும் அட்லாண்டாவில் முடியவில்லை. பிலடெல்பியாவுக்கு எதிராக ஒன்பதாவது இன்னிங்ஸில் 3-2 முன்னிலையோடு கிம்ப்ரலைக் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்! அவரால் காப்பாற்ற முடியவில்லை, ஸ்கோர் சமன். ஆட்டம் நீண்டு 13-ஆவது இன்னிங்ஸில் ஹண்டர் பென்ஸின் ஹிட்டில் பிலடெல்பியா 4-3 என்று ஜெயித்தது. அவர்கள் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்ட அணி. பேருக்கு ஆடிவிட்டுப் போயிருக்கலாம், ஆனாலும் கடைசி வரை ஆடினார்கள். அதற்குள் சென்னையிலிருந்து போன். “அண்ணே, எத்தனை விக்கெட் போச்சு?” என்றான் அந்தப் பையன். ஜாப் எல்லாம் கிரீன்தான் என்று சொல்லவே கூப்பிட்டானாம். அவனுக்கு அப்போது காலை ஒன்பது, டிபன் நேரம். எங்கள் அறையில் பெரியவர் எழுந்து நின்று கன்சோலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

90-72 என்று கார்டினல்ஸ் உள்ளே, 89-73 என்று அட்லாண்டா வெளியே. அதே ராத்திரி அமெரிக்கன் லீகில் பாஸ்டன் ரெட் சாக்ஸும் இதே மாதிரி கைக்கெட்டியதைக் கோட்டைவிட்டது.

அதற்கப்புறம் பிலடெல்பியா, மில்வாக்கி, கடைசியில் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரில் டெக்சஸ். ஆர்தர் ரோட்ஸுக்கு ஏக யோகம்: இரண்டு அணிக்கும் ஆடியவர் என்பதால் எந்த அணி ஜெயித்திருந்தாலும் அவருக்கு சாம்பியன் மோதிரம் உண்டு. ஆறாவது ஆட்டம் அக்டோபர் 26 அன்று நடக்க வேண்டியது. அன்று தீபாவளி. மழை வரும் என்று ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டார்கள். தீபாவளிக்கு மழை அமெரிக்காவிலும் விடாது போல என்று எங்கள் ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டோம். மறுநாள் டேவிட் ஃப்ரீஸ், ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக் என்ற நிலையில் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்த அடியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் அந்த ஊரிலேயே வளர்ந்த பையன். பதினோராவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தையும் அவரே முடித்தார். அடுத்த நாள் ஏழாவது ஆட்டமும் ஜெயித்துக் கோப்பை வந்தது. சில நாளில் லா ரூசா ஓய்வு அறிவித்தார். டிசம்பரில் புஹோல்ஸ் பத்து வருட ஒப்பந்தத்தோடு ஏஞ்சல்ஸ் அணிக்குப் போய்விட்டார். ஆபீஸில் இரண்டு நாள் துக்கம்.

எனக்கு அந்த டிசம்பரில் வேறு வேலை இருந்தது. வருடக் கடைசிக் கணக்குக்கு ரோஸ்டர் போடும்போது, அந்த மூவரையும் வாரத்துக்கு இரண்டு ராத்திரிக்கு மேல் யாரும் எழுப்பக்கூடாது என்று எழுதினேன். மற்ற நாட்களில் அபெண்ட்டை ஆன்-காலில் இருப்பவரே முடிக்க வேண்டும், நேரமானாலும் பரவாயில்லை. இதற்கு செட்டில்மெண்ட் தெரிந்த நான்காவது ஆள் ஒருவர் வேண்டும் என்றும் கேட்டேன். நிஜமாகவே சில ராத்திரிகள் இழுத்தன. ஒருமுறை ரிப்போர்ட் தாமதமாகி கிளையன்ட் பக்கத்திலிருந்து காரமான மெயிலும் வந்தது. வெண்டர்ஸ், கிம்ப்ரல் எண்களை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் கார்டினல்ஸ் ஆட்டத்தைத் தவிர வேறு எதுவும் பார்க்காதவர். “வெண்டர்ஸா, அவர் எந்த டீம்?” என்று கேட்டார்.

அந்த வெண்டர்ஸ் 2012 சீசனுக்குப் பிறகு முழங்கைக் காயத்தால் 2018 வரை மேஜர் லீகில் பந்து போடவே முடியவில்லை. அது மேனேஜரிடம் போய் நின்ற நாளில் எனக்கோ யாருக்கோ தெரிந்திருக்க வழியில்லை. நான்காவது ஆளுக்கு அவர் ஒப்புதல் கொடுத்தது 85 என்ற எண்ணைப் பார்த்தா, இல்லை கிறிஸ்துமஸ் லீவுக்கு எப்படியும் ஒரு ஆள் தேவை என்பதாலா, கேட்டுக்கொள்ளவில்லை. ஜனவரி நடுவில் ஆள் வந்து சேர்ந்தார்.