மூன்று முறை அழைத்ததா?

"அண்ணா, முதல் தடவை டைம்அவுட் ஆகுதுல்ல, அந்தப் பக்கம் பணம் எடுத்திருப்பாங்களா?"

பேமெண்ட் சேவைக்குப் போகும் அழைப்பு தோற்றால் மறுபடி அழைக்கும் ரீட்ரை கோடுக்கு டெஸ்ட் எழுதியிருந்தாள், என் டீமில் இருக்கும் இளையவள். கோட் ரிவ்யூவில் அவள் கேட்டது இவ்வளவுதான். "அது யூனிட் டெஸ்ட்ல வராதும்மா, மெர்ஜ் பண்ணிடு" என்றேன். யூனிட் டெஸ்ட் நிஜ சேவையைத் தொடாது, ஒரு கோட் துண்டை மட்டும் தனியே சோதிக்கும்; அதனால் மெயின் கோடோடு சேர்த்துவிடச் சொன்னேன். எட்டு மாதம் ஆகிறது. அந்தப் பதில் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

டெஸ்ட்டில் பிழை எதுவும் இல்லை. பேமெண்ட் சேவையை அழைக்கும் கிளையண்ட்டுக்கு, ஜாவாவின் டெஸ்ட் லைப்ரரியான மொக்கிட்டோவில் ஒரு ஸ்டப், அதாவது எழுதிக்கொடுத்த பதிலையே சொல்லும் போலி. முதல் இரண்டு அழைப்புக்கும் தென்த்ரோ (பதில் வராத டைம்அவுட் பிழையை எறியும்), மூன்றாவதற்கு தென்ரிட்டர்ன் (நல்ல பதிலைக் கொடுக்கும்). இப்படி அடுக்கி எழுதினால் அழைப்புக்கு ஒன்றாகக் கொடுக்கும். வரிசை தீர்ந்த பிறகும் அழைத்தால் கடைசியில் இருப்பதையே கொடுத்துக்கொண்டிருக்கும். பைத்தானில் இதே வேலையைச் செய்யும் சைடு எஃபெக்ட்டுக்குக் கொடுத்த லிஸ்ட் தீர்ந்தால் ஸ்டாப்இட்டரேஷன் என்ற பிழை வந்து டெஸ்ட் விழுந்துவிடும். எனக்கு அந்தக் கறார்தான் பிடிக்கும். அதனால் கடைசியில் ஒரு வெரிஃபை போட்டு, சரியாக மூன்று முறை அழைத்ததா என்று பார்க்கச் சொன்னதும் நான்தான்.

அந்த வரிதான் உறுத்துகிறது. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போனது. முதல் அழைப்பிலேயே பணம் எடுத்தாகிவிட்டது, பதில் மட்டும் எங்களுக்கு வந்து சேரவில்லை. மறுபடி அழைத்தோம். ஒவ்வொரு அழைப்புக்கும், மறுபடி அழைக்கும் லூப்புக்குள்ளேயே புதிய ரிக்வெஸ்ட் ஐடி உருவானது; இது பழைய கோரிக்கையேதான் என்று அந்தப் பக்கம் அடையாளம் காண்பது அந்த ஐடியை வைத்துத்தான். அந்தப் பக்கத்துக்கு அது வேறொரு பேமெண்ட். டெஸ்ட் எதைக் கேட்டதோ அதைத்தான் கோட் செய்தது.

ஸ்டப்புக்கு இது எத்தனையாவது அழைப்பு என்பது மட்டும்தான் தெரியும். போன அழைப்பில் அங்கே என்ன மிச்சமானது என்று தெரியாது. டைம்அவுட் என்று எழுதிக்கொடுத்தால் எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடுகிறது. நெட்வொர்க்கில் அப்படி இல்லை.

சரி, நான் சொன்னது தப்பா? ரீட்ரை எண்ணிக்கையைச் சோதிக்க இதைவிட எளிய வழி கிடையாது, இன்றும் அப்படித்தான் எழுதுவேன். எதிர்ப்பக்கத்தின் நடத்தை யூனிட் டெஸ்ட்டில் வராது என்பதும் உண்மைதான். ஆனால் அழைப்பில் என்ன அனுப்பினோம் என்பதைப் பிடித்துக் காட்டும் ஆர்கியுமெண்ட் கேப்டர் வைத்து, மூன்று அழைப்பிலும் ஒரே ஐடி போகிறதா என்று பார்த்திருக்கலாமே. அது யூனிட் டெஸ்ட்டிலேயே வந்திருக்கும், நாலைந்து வரி. அன்றைக்கு அது தோன்றவில்லை. அவள் பணத்தைப் பற்றிக் கேட்டாள், நான் டெஸ்ட்டைப் பற்றிப் பதில் சொன்னேன்.

திருத்தம் சின்னது: ஐடி உருவாக்கும் வரியை லூப்புக்கு வெளியே எடுத்து வைத்தோம். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'ரீட்ரையில் ஐடி மாறியது' என்று எழுதினேன். அவளுடைய கேள்வியை எழுதவில்லை. அதைப் படித்துக் காட்டிய மீட்டிங்கில் அவளும் இருந்தாள், எதுவும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ரிவ்யூவில் அவள் கேள்வி கேட்பது குறைந்துவிட்டதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை.