பழைய மொறிஸ் மைனரை வாங்கலாமா?

திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டு வளவில் நெடுங்காலமாக ஓடாமல் நிற்கும் மொறிஸ் மைனர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1962க்குப் பின் வந்த, 1098 சிசி எஞ்சின் கொண்ட கார். மகாபொலப் புலமைப்பரிசுப் பணத்தையும் ரியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்ப்பதையும் நம்பிப் படிக்கும் எனக்கு, கேட்கும் விலையைவிடக் காரின் அடிப்பாகமே பெரிய யோசனையாக இருக்கிறது.

இந்தக் காருக்குத் தனிச் சேஸி, அதாவது பாரம் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. உடலே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே கதவுகளின் கீழுள்ள விளிம்புகளையும் பின்சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் வில்தகடுகள் பொருத்தப்பட்ட இடங்களையும் கறள் தின்றிருந்தால், ஒரு பாகம்கூட வாங்குவதற்கு முன்னரே வெல்டிங் வேலைக்குக் கைப்பணம் முழுவதும் போய்விடும். கடற்காற்று படும் திருகோணமலையில் இது வீண் பயமல்ல. தரைவிரிப்பைத் தூக்கி ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கம் கணீரென்றது. பின் இருக்கையின் கீழே சத்தம் அடங்கி, தகடு செதில் செதிலாக உதிர்ந்தது.

எஞ்சின் எளிமையானது, கற்றுக்கொண்டே திருத்தலாம். ஆனால் முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன் என்ற மரைபோட்ட இணைப்பு கிறீஸ் இல்லாமல் தேய்ந்துபோனால், ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடக்கூடும் என்பதால் அதைத்தான் முதலில் கழற்றுவேன்.

வாகனப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது, வருமான அனுமதிப்பத்திரம் எப்போது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது என்பவற்றைப் பாராமல் முற்பணம் கொடுக்கமாட்டேன். இந்த ஞாயிறு வெல்டிங் தெரிந்த அண்ணா ஒருவருடன் போய், ஜாக் போட்டுத் தூக்கிப் பார்க்கிறோம். வில்தகட்டு இணைப்புகள் உறுதியாக இருந்தால் வாங்குவேன். இல்லையென்றால், எவ்வளவு ஆசையிருந்தாலும், படிப்பு முடியும்வரை பொறுப்பேன்.