வின்னிபெக் முதல் கால்கரி வரை: பிரெய்ரி சமவெளியைக் காரில் கடக்கத் திட்டமிடுபவர்களுக்கு

கனடாவின் வின்னிபெக்கிலிருந்து கால்கரிக்கு டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 1,330 கிலோமீட்டர். டொராண்டோ பக்கமிருந்து ராக்கி மலைகளைப் பார்க்கக் கிளம்பும் நம்மவர்கள் இந்தத் தூரத்தை இரண்டே பகலில் ஓட்டி முடித்துவிட்டு, "வெறும் வயல்தான், பார்க்க ஒன்றுமில்லை" என்று சொல்வதுண்டு. நெடுஞ்சாலையை விட்டு இறங்காதவர்களுக்கு அது சரிதான். அந்தச் சாலை பெரும்பாலும் பழைய ரயில் பாதையை ஒட்டியே போகிறது. ரயில் போட்டவர்கள் மேடுபள்ளம் இல்லாத தடத்தைத்தான் தேடினார்கள். பார்க்க வேண்டிய புல்வெளி, பள்ளத்தாக்கு, காடு எல்லாம் அங்கிருந்து 30 முதல் 120 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கின்றன. ஆகவே எங்கே இறங்குவது, இறங்கிய பிறகு மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதித் திட்டம் முடிந்தது.

கார் இல்லாமல் இந்தப் பயணம் நடக்காது. சஸ்காச்சுவான் மாகாண அரசு தன் பேருந்து நிறுவனத்தை 2017இல் மூடியது. கிரேஹவுண்ட் பேருந்துகள் 2018 அக்டோபர் இறுதியோடு மேற்குக் கனடாவை விட்டே போய்விட்டன. வியா ரயிலின் 'கனேடியன்' வண்டி வின்னிபெக்கிலிருந்து வடக்கே சஸ்கட்டூன், எட்மண்டன் வழியாகப் போகிறது. ரெஜைனாவையும் கால்கரியையும் அது தொடுவதே இல்லை.

வாடகைக் கார் என்றால் மூன்று விஷயங்களை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விட எவ்வளவு கூடுதல் கட்டணம்? சரளைச் சாலையில் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு உண்டா? (பல ஒப்பந்தங்களில் இல்லை, முன்கண்ணாடியில் கல் தெறித்து விழும் கீறல்கூட உங்கள் கணக்கில் ஏறும்.) டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா? இந்த மூன்றாவதைக் கையால் தூக்கிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் ஸ்டெப்னிக்குப் பதிலாக ஒரு பஞ்சர் பசைப் புட்டியும் சின்ன பம்பும்தான் இருக்கும். ஆணி குத்திய துளைக்கு அது போதும். கூர்மையான சரளைக்கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் அந்தப் பசை எதற்கும் உதவாது.

எந்த மாதம்? ஜூனில் புல் பச்சையாக இருக்கும், பகல் நீளம். ரெஜைனாவில் காலை 5 மணிக்கு முன்பே விடிந்து இரவு 9 மணிக்கு மேல்தான் பொழுது சாயும். ஆனால் கொசுவும் உண்ணியும் அப்போதுதான் மொய்க்கும். கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரின் வயல்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பதைப் பார்க்க ஜூலை முதல் மூன்று வாரங்கள். அதே நேரம் ஆளிச்செடியும் நீலமாகப் பூக்கும். அதைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பிற்பகலுக்குள் இதழ்கள் உதிர்ந்து வயல் மறுபடி பச்சையாகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் வடக்கே காட்டுத்தீ மூண்டால் புகை தெற்குவரை வந்து வானத்தை மறைத்துவிடும். எங்கள் தேர்வு ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை: கொசு குறைவு, இடிமழை குறைவு, பகலில் நடக்க இதமான வெயில். இரவில் குளிரும், கூடாரம் போடுகிறவர்கள் உறைநிலைக்கு ஏற்ற தூக்கப்பை கொண்டுபோக வேண்டும்.

ஆறு நாள் ஒதுக்குங்கள். கையிருப்பாக இன்னொரு நாள்.

முதல் நாள் வின்னிபெக்கிலிருந்து ரெஜைனா வரை 575 கிலோமீட்டர். இதுதான் நீண்ட ஓட்டம், இடையில் பிராண்டனில் சாப்பாடு. வின்னிபெக்கைத் தாண்டிச் சிறிது நேரத்தில் ஈலி என்ற சிற்றூர் வரும். கனடாவில் பதிவான ஒரே எஃப்5 டொர்னாடோ (உச்ச வலிமையுள்ள சுழற்காற்று) 2007 ஜூன் 22 அன்று சுழன்றது அங்கேதான். மானிட்டோபாவைத் தாண்டி சஸ்காச்சுவானில் நுழைந்ததும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள். சஸ்காச்சுவான் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாத மாகாணம். அதனால் கோடையில் ஆல்பர்ட்டாவோடும் குளிர்காலத்தில் மானிட்டோபாவோடும் அதன் நேரம் ஒத்துப்போகும். வழிகாட்டியோடு நடைப்பயணம் பதிவு செய்திருந்தால் இந்த ஒரு மணி நேரக் குழப்பம் கையைக் கடிக்கும்.

இரண்டாம் நாள் மூஸ் ஜா, சாப்ளின், ஸ்விஃப்ட் கரண்ட் வழியாக, அங்கிருந்து 4ஆம் எண் சாலையில் தெற்கே 120 கிலோமீட்டர் போய் வால் மேரி. சாப்ளினில் சாலையோரம் வெள்ளை வெளேரென்று பரந்து கிடப்பது பனியல்ல, சோடியம் சல்ஃபேட் உப்பு. மே, ஜூனில் ஆர்க்டிக் நோக்கிப் போகும் கரைப்பறவைகள் அந்த ஏரியில் இறங்கி இரை தின்னும். பைனாகுலர் இருந்தால் ஒரு மணி நேரம் நில்லுங்கள். ஸ்விஃப்ட் கரண்டில் டேங்கை முழுதாக நிரப்பி, தண்ணீர், ரொட்டி, பழம், ஐஸ் எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். தெற்கே போகும் வழியில் வரைபடத்தில் ஊர்ப்பெயர்கள் வரிசையாகத் தெரியும், நம்பி ஏமாறாதீர்கள். குதிரை வண்டியில் தானியம் கொண்டுவந்து சேர்க்கும் தூரத்துக்கு ஒன்றாக ரயில் நிலையம் போட்ட காலத்து ஊர்கள் அவை. லாரி வந்தது, கிட்டங்கிகள் மூடின, கடைகளும் மூடின. சில இடங்களில் பெயர்ப்பலகை மட்டும்தான் மிச்சம். டேங்க் பாதியானால் கண்ணில் படும் முதல் பங்கில் நிரப்புவது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் முழுவதும் கிராஸ்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு. பூங்கா மேற்கு, கிழக்கு என இரண்டு துண்டாக இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே நாளில் இரண்டையும் தொட முயலாதீர்கள். முதல் முறை போகிறவர்களுக்கு மேற்குப் பகுதிதான். அங்கே சுற்றுலாச் சாலை சரளைதான், ஆனால் சாதாரணக் காருக்குத் தாராளமாகப் போதும். வழியில் கறுப்புவால் பிரெய்ரி நாய்களின் குடியிருப்பு வரும். பெயர்தான் நாய், இனம் அணில். கனடாவில் இவை இயற்கையாக வாழ்வது இந்தப் பகுதியில் மட்டுமே. காரை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கண்ணாடியை இறக்கி உட்கார்ந்திருங்கள். முதலில் எச்சரிக்கைக் கூச்சல் கேட்கும். அப்புறம் ஒவ்வொன்றாக வளை மேட்டில் ஏறி நிமிர்ந்து நின்று பார்க்கும். ஒன்று பின்னுக்கு வளைந்து எம்பிக் குதித்துக் கூவும், அடுத்தது தொடரும், அதற்கடுத்தது. தீனி போடக் கூடாது, தொடவும் கூடாது. பிளேக் நோய் அவற்றிடையே உண்டு.

பைசன்களை (அமெரிக்கக் காட்டெருமை) 2005இல் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். குறைந்தது 100 மீட்டர் தள்ளி நில்லுங்கள். வால் மேலே தூக்கினால் அது எரிச்சலில் இருக்கிறது என்று பொருள், மெதுவாகப் பின்வாங்குங்கள். புல்லுக்குள் நடக்கும்போது கணுக்கால் மூடும் ஷூ வேண்டும். வாலை ஆட்டி ஒலியெழுப்பும் பிரெய்ரி ராட்டில் பாம்பு இங்கே வசிக்கிறது. பாறை இடுக்கில் கைவிடாமல், காலை வைக்கும் இடத்தைப் பார்த்து நடந்தால் அது தானே ஒதுங்கிப் போய்விடும். தரையில் வட்டமாகக் கற்கள் பதிந்திருந்தால் நகர்த்தாதீர்கள். பூர்வகுடிகள் தங்கள் டீப்பிக் கூடாரத் தோலின் விளிம்பை அழுத்தி வைத்த கற்கள் அவை. மரநிழல் என்று ஒன்று இல்லை, ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

இனி மண்ணைப் பற்றி. இந்தப் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

உள்ளூர்க்காரர்கள் இதை 'கம்போ' என்பார்கள். காய்ந்திருக்கும்போது சிமெண்ட் மாதிரி, நனைந்தால் பசை. டயரின் பள்ளங்களை நிரப்பி வழுவழுப்பாக்கிவிடும். அதற்கு மேலும் ஓட்டினால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாமல் நிற்கும். நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை, இன்னும் சற்று உள்ளே போய் மாட்டுவீர்கள், அவ்வளவுதான். போன் காட்டும் வழி தார், சரளை, வெறும் மண் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. எது குறுக்கோ அங்கே அனுப்பும். மழை பெய்திருந்தால் மண்சாலையின் வாயிலேயே இறங்கி, குதிகாலை அழுத்தி மிதித்துப் பாருங்கள். ஷூவோடு மண் பெயர்ந்து வந்தால் திரும்பிவிடுங்கள். வெயிலும் காற்றும் இருந்தால் ஒரு நாளில் காய்ந்துவிடும். கையிருப்பு நாள் இதற்காகத்தான்.

சரளைச் சாலையில் மணிக்கு 60 முதல் 70 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். சக்கரத் தடங்களுக்கு நடுவில் சரளை வரப்பாகக் குவிந்திருக்கும். ஒரு பக்கச் சக்கரம் அதில் ஏறும்போது சட்டென்று பிரேக் பிடித்தால் வண்டி சுழலும். எதிரே லாரி வந்தால் வலப்பக்கம் ஒதுங்கி வேகத்தை நன்றாகக் குறையுங்கள். பகலிலும் விளக்கு எரியட்டும், புழுதியில் அதுதான் உங்களைக் காட்டும். இன்னொரு பொறியும் உண்டு. 1870களில் தொடங்கிய நில அளவையில் இந்தச் சமவெளியே ஒரு மைல் சதுரங்களாகக் கோடு போடப்பட்டது. பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கும். அந்தப் பிசகைச் சரிசெய்ய 24 மைலுக்கு ஒருமுறை வடக்கு தெற்குச் சாலைகளை ஒடித்து நகர்த்தியிருக்கிறார்கள். நேராகப் போய்க்கொண்டிருக்கும் சாலை திடீரென்று பக்கவாட்டில் முறியும். இரவில் இது ஆபத்து. மானும் அந்த நேரத்தில்தான் குறுக்கே பாயும். இருட்டுமுன் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். மேற்கு நோக்கி ஓட்டும்போது மாலை வெயில் நேராகக் கண்ணில் குத்தும் என்பதால் 6 மணிக்கே நிறுத்துவது இன்னும் நல்லது.

நான்காம் நாள் மேப்பிள் கிரீக் வழியாக சைப்ரஸ் ஹில்ஸ். சமவெளிக்கு நடுவே பைன் காடு. உச்சி 1,468 மீட்டர், ராக்கி மலைக்கும் லாப்ரடாருக்கும் இடையில் இதைவிட உயரமான இடம் இல்லை. இங்குள்ள பூங்காவின் நடுப்பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் இடையே 'கேப் ரோடு' என்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. நனைந்தால் அதில் இறங்கவே கூடாது. மேற்குப் பகுதியில் குதிரைப்படைக் காவலர்கள் 1875இல் கட்டிய வால்ஷ் கோட்டையைப் பார்க்க மேப்பிள் கிரீக்குக்குத் திரும்பி 271ஆம் எண் சாலையில் போவதே உத்தமம்.

ஐந்தாம் நாள் மெடிசின் ஹாட், புரூக்ஸ் வழியாக டைனோசர் மாகாணப் பூங்கா. புரூக்ஸிலிருந்து வடகிழக்கே 48 கிலோமீட்டர். 1979 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பூங்காவின் பெரும்பகுதிக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். கோடையில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், பயணத் தேதி முடிவானதுமே பதிவு செய்யுங்கள். புதைபடிவ எலும்புத் துண்டு ஒன்றைப் பையில் போட்டாலும் குற்றம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சிற்றூர் உணவகங்களில் பெரோகி கேளுங்கள். உக்ரைனியக் குடியேறிகள் கொண்டுவந்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளலாம். மேலே பன்றி இறைச்சித் தூள் தூவித் தருவார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். ஞாயிறு, திங்களில் பல கடைகள் மூடியிருக்கும். முகாமில் சமைப்பதானால் கேஸ் அடுப்பு எடுத்துப் போங்கள். வறண்ட நாட்களில் விறகுத் தீக்குத் தடை போடுவார்கள்.

இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் திரளும். மேற்கே மேகம் பட்டறைக்கல் போல மேலே விரிந்து பரவினால் திட்டத்தை மாற்றுங்கள். அரசின் வெதர்கேன் செயலியில் எச்சரிக்கைகளை இயக்கி வையுங்கள். ஆலங்கட்டிக்குப் பயந்து மேம்பாலத்தடியில் சாலையிலேயே காரை நிறுத்துவது தவறு, பின்னால் வருகிறவர் இடிப்பார். அடுத்த ஊரின் பெட்ரோல் பங்க் கூரைக்குப் போய்விடுங்கள். சஸ்காச்சுவானில் விளக்கு எரிய நிற்கும் அவசர வண்டிகளையும், ஆட்கள் வேலை செய்யும் சாலைப்பணி இடங்களையும் 60இல் கடக்க வேண்டும், அபராதம் கடுமை.

கடைசி நாள் புரூக்ஸிலிருந்து கால்கரிக்கு 190 கிலோமீட்டர்தான். கிளம்புமுன் புரூக்ஸில் காசு போட்டுக் கழுவும் இடத்தில் காரை நிறுத்தி, சக்கரத்தின் உள்வளையத்தில் இறுகிய மண்ணைத் தண்ணீர் பீய்ச்சி எடுங்கள். அது ஒரு பக்கமாக ஒட்டியிருந்தால் 100ஐத் தாண்டும்போது ஸ்டீயரிங் உதறும். வண்டியில் கோளாறு என்று பலர் மெக்கானிக்கைத் தேடுவது இதற்காகத்தான். ரேடியேட்டர் முன்வலையில் அடைத்த வெட்டுக்கிளிகளையும் அப்படியே கழுவிவிடுங்கள்.